ஏட்டில் பெயரில்லாத குடும்பங்கள்



கி.மு. 586-ஆம் ஆண்டையொட்டிப் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேம் நகரை வென்று, அங்கிருந்த கோயிலைத் தீக்கிரையாக்கியது. யூதர்களுள் பலர் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குச் சென்றனர். அவர்களுள் ஆசாரியர் எனப்படும் குருமார் குடும்பங்களும் இருந்தன. பலியிடுவதும் கோயிற்பணி புரிவதும் அவர்களது பிறப்புரிமை. கோயில் இல்லாத நாட்டில் அவ்வுரிமைக்குப் பயன் ஏது? எனினும் அவர்கள் ஒன்றைக் கைவிடவில்லை. தம் குலவரிசையை எழுதிக் காத்து வந்தனர்.

கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். வரலாற்று நூல்கள் சைரஸ் என்று குறிப்பது இவனைத்தான். மறு ஆண்டிலே யூதர் தாயகம் திரும்பவும் கோயிலை மீண்டும் கட்டவும் இசைவளித்தான் என்று விவிலியம் கூறுகிறது. 1879-இல் பாபிலோனில் கிடைத்த இவனது களிமண் உருளைக் கல்வெட்டு யூதரைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. ஆயினும் பெயர்க்கப்பட்ட தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இடத்திற்கு அனுப்பியதாகப் பேசுகிறது.

திரும்பியோரின் பட்டியல் எஸ்றா நூலின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. பல காலங்களில் வந்தோரின் தொகுப்பாக அது இருக்கலாம் என்பர் ஆராய்ச்சியாளர். மொத்தம் 42,360 பேர். அவர்களுள் யெதாயா குடும்பத்தார் 973, இம்மேர் குடும்பத்தார் 1,052, பஸ்கூர் குடும்பத்தார் 1,247, ஆரீம் குடும்பத்தார் 1,017. ஆக, குருமார் 4,289 பேர். பத்தில் ஒரு பங்கினர். கோயிலில் அவர்களுக்குத் துணைநிற்க வேண்டிய லேவியரோ 74 பேரே வந்தனர்.

இப்பட்டியலில் நம் நெஞ்சைத் தொடுவது வேறோர் இடம். அபாயா, கோசு, பர்சிலாயி என்னும் மூன்று குடும்பத்தாரும் தாமும் குருமாரே என்று வந்து நின்றனர். குலவரிசை ஏடுகளில் தேடினர், பெயர் அகப்படவில்லை. குருமார் பணி அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நெடுவழி நடந்து தாயகம் சேர்ந்தவர்களுக்கு, நீங்கள் யார் என்ற வினாவே முதல் வரவேற்பாயிற்று! கோயிற்படையலில் குருமார் பெறும் பங்கே அவர்களது பிழைப்பு. ஆதலின் இம்மறுப்பு மானத்தையும் சோற்றையும் ஒருங்கே தாக்கியது.

ஆளுநர் அளித்த தீர்ப்பு கருதத்தக்கது. அவர்களைப் பொய்யர் என்று அவர் விரட்டவில்லை, சான்றின்றி ஏற்கவுமில்லை. ஊரீம், தும்மீம் என்னும் திருவுளக் குறிகளைக் கொண்டு இறைவன் கருத்தை அறியவல்ல குரு ஒருவர் தோன்றும் வரை, மிகப் புனிதமான படையலை உண்ணலாகாது என்றார். கதவை அடைத்தார், ஆனால் தாழிடவில்லை.

பிற்காலத்தில் எருசலேம் மதிலைச் செப்பனிட்டோருள் கோசு குடும்பத்து உரியாவின் மகன் மெரெமோத் ஒருவன் என்கிறது நெகேமியா நூல். கோயிலுக்கு வந்த பொன்னையும் வெள்ளியையும் நிறுத்துப் பெற்ற குரு உரியாவின் மகன் மெரெமோத்தும் இவனே என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வாறாயின், அக்குடும்பம் இழந்த நிலையை மீண்டும் பெற்றது எனலாம்.

மாணவர்களே, ஏடு இன்றியமையாதது. அஃதின்றி உரிமையை நிறுவுதல் அரிது. ஆயினும் ஏடு அழிந்த குற்றம் அவர்களுடையது அன்று. சான்று கேட்பது நீதி. சான்று கிட்டும் வரை காத்திருக்க இடந்தருவதும் நீதியே. இவ்விரண்டையும் ஒருங்கே போற்றிய காரணத்தால்தான் அந்தச் சிறு பட்டியல் இன்றும் படிக்கத் தக்கதாய் விளங்குகிறது.