மறுதலை வழி நிறுவுதல்



இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதைக் கணித ஆசிரியர் எவ்வாறு நிறுவுகிறார் என்பது இங்குள்ள மாணவர் பலருக்கு நினைவிருக்கும். நிறுவ வேண்டியதன் எதிரையே அவர் முதலில் ஏற்கிறார். அது பின்னமாக எழுதத்தக்கது, அப்பின்னமும் இனிச் சுருக்க இயலாதது என்க என்று தொடங்குகிறார். நான்கைந்து வரிகளுக்குள் தொகுதியும் இரட்டைப்படை, பகுதியும் இரட்டைப்படை என்று வந்துவிடுகிறது. இரண்டும் இரட்டையாயின் சுருக்கலாமே! சுருக்க இயலாது என்று கொண்டது சுருக்கலாம் என்று முடிகிறது. ஆகவே முதலில் கொண்டது பொய். இதனை முரண்வழி நிறுவல் என்கிறோம். கணிதத்தில் இது தூய்மையான கருவி. மனிதரிடையே நிகழும் வாதத்தில் இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது.

தமிழுக்கு இது புதிதன்று. தொல்காப்பிய மரபியலின் இறுதி நூற்பா முப்பத்திரண்டு உத்திகளைத் தருகிறது. எதிர்க்கருத்தைக் குலைத்துத் தன் முடிவை உரைப்பது அவற்றுள் ஒன்று. உரையாசிரியர்களைப் படித்தவர்க்கு ‘எனின்’, ‘அற்றேல்’, ‘அற்றன்று’ என்னும் சொற்கள் பழக்கமானவை. எதிராளி அவையில் இல்லாவிடினும் அவர் சொல்லக்கூடியதை ‘எனின்’ என்று எடுத்து, அதனால் வரும் குற்றத்தைக் காட்டி, ‘அற்றன்று’ என்று விலக்குவர்.

இங்கே மொழியியலார் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ‘வந்தால் பார்ப்பேன்’ என்பது திறந்த நிபந்தனை. வரலாம், வராமலும் போகலாம். ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என்பதோ வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ‘என்க’ என்றோ ‘என்று கொள்வோம்’ என்றோ தொடங்குபவர் எதிர்க்கருத்துக்குச் சிறிது நேரமாவது இடம் கொடுக்கிறார். ‘நீர் சொல்வது உண்மையாக இருந்திருந்தால்’ என்று தொடங்குபவர் தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டார். மாணவர் விவாத மேடைகளில் நாம் பெரும்பாலும் கேட்பது இந்த இரண்டாவது தொடக்கத்தைத்தான். எதிர்த்தரப்பு அதன் பிறகு காது கொடுப்பதில்லை. அதில் வியப்பும் இல்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இந்த நோக்கில் மீண்டும் படித்துப் பாருங்கள். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பாண்டியன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான். அதன் பின்னரே கோவலனிடமிருந்து கைப்பற்றப்பட்ட சிலம்பு கொணரப்பட்டு உடைக்கப்படுகிறது. வாதத்தை விரித்தால் இவ்வாறு அமையும்: இச்சிலம்பு தேவியுடையது என்க, ஆயின் உள்ளே முத்து இருத்தல் வேண்டும், தெறித்ததோ மாணிக்கம், ஆகவே தேவியுடையது அன்று. இதில் நம்மை மிகவும் ஈர்ப்பது நிகழ்ச்சிகளின் வரிசை. சிலம்பு முதலில் உடைக்கப்பட்டு, பரல் எதுவென்ற கேள்வி பின்னர் எழுந்திருந்தால், எங்கள் சிலம்பிலும் மாணிக்கமே என்று சொல்ல ஒரு மன்னனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவனை வீழ்த்திய முற்கூற்று அவன் வாயிலிருந்தே வந்தது. கிரேக்கத்தில் சாக்ரடீசு கையாண்டதாகப் பிளேட்டோ காட்டும் முறையும் இதுவே. கேள்விகளால் எதிராளியின் உடன்பாட்டை ஒவ்வொன்றாகப் பெற்று, அவ்வுடன்பாடுகள் தமக்குள் மோதுவதைக் காட்டுவார். ஆனால் பாண்டியன் தன் தவற்றை ஏற்று உயிர் நீத்தான். சாக்ரடீசிடம் தோற்றவர்களில் பலர் சினந்தே சென்றனர்.

முரண் வந்துவிட்டது. அதன் பின் எதை நாம் பெறுகிறோம்? இந்தியத் தத்துவ மரபு இக்கேள்வியில் மிகக் கூர்மையாக இருந்தது. நியாய நூலார் தருக்கத்தைப் பதினாறு பதார்த்தங்களுள் ஒன்றாக வைத்தனர். ஆயினும் தனிப் பிரமாணமாக ஏற்கவில்லை, பிரமாணத்துக்குத் துணை என்றே கொண்டனர். நாகார்ச்சுனர் வழிவந்த மாத்தியமிக பௌத்தர் வேறு திசையில் சென்றனர். எதிராளியின் கொள்கையிலிருந்து வேண்டாத விளைவை வருவித்துக் காட்டுவதற்கு அவர்கள் இட்ட பெயர் பிரசங்கம். (தமிழில் அச்சொல் இன்று மேடைப்பேச்சைக் குறிக்கிறது, நாம் ஆற்றிக்கொண்டிருப்பது எவ்வகைப் பிரசங்கம் என்பதை அவையோர் முடிவு செய்க.) கொள்கையைக் குலைத்தாலும் அதன் எதிர்க்கொள்கையை அவர்கள் தமதாக ஏற்பதில்லை. இதனை விளக்க இலக்கணிகளின் பாகுபாடு ஒன்று அவர்களுக்கு உதவியது. ஒன்றை மறுத்து வேறொன்றை உணர்த்தும் மறுப்பு ஒருவகை. மறுப்பதோடு நின்றுவிடும் மறுப்பு மற்றொரு வகை. தமிழ் காது இதனை எளிதில் உணரும். ‘இது முத்து அன்று’ என்றால் வேறு ஏதோ ஒன்று என்பது தொனிக்கிறது. ‘இங்கே முத்து இல்லை’ என்றால் வேறொன்று இருந்தாக வேண்டும் என்பதில்லை. இவ்விரண்டும் அவ்விரண்டுக்கும் முற்றும் ஒப்பானவை என்று நாம் சொல்லவில்லை, நுழைவாயிலாகக் கொள்ளலாம். சைவ சித்தாந்தத்தில் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரிந்திருப்பதையும் இங்கே நினைக்கலாம். பிறர் கொள்கைகளை மறுத்த அளவிலேயே தம் கொள்கை நிலைபெற்றுவிட்டதாக அருணந்தி சிவாசாரியார் கருதவில்லை. அதற்கென்று தனியே ஒரு பகுதி பாடினார்.

இத்தனையும் அறிந்திருந்தும் நாம் தவறிய ஓரிடம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பயிற்சி ஆசிரியர்களுக்கான ஒரு வகுப்பில் ஓர் இளைஞர் எழுந்து, பிறமொழிச் சொல் கலந்த தமிழ் தமிழே அன்று என்றார். தொல்காப்பியம் தமிழ்தானா என்று கேட்டோம். ஐயமின்றி என்றார். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நான்காகப் பகுத்து, வடசொல்லை அவற்றுள் ஒன்றாக வைத்திருப்பதைக் காட்டினோம். உம் கொள்கை மெய்யாயின் தொல்காப்பியர் இலக்கணம் சொன்ன மொழி தமிழன்று என்றாகும். நீரோ அது தமிழ் என்கிறீர் என்றோம். வகுப்பு சிரித்தது. அவர் அமர்ந்தார். நமக்கு உள்ளூர மகிழ்ச்சி. இன்று அதை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவர் அறைக்கு வந்தார். “ஐயா, பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு பையன் கட்டுரையில் ‘ஸ்கூலுக்கு லேட்டாகப் போனேன்’ என்று எழுதியிருக்கிறான். நான் திருத்தலாமா, கூடாதா?” என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

நம் வாதத்தில் அதற்கு விடை இல்லை. ‘கலப்பு எல்லாம் தமிழைத் தமிழல்லாதது ஆக்கும்’ என்பதைக் குலைத்தால் கிடைப்பது, ‘சில கலப்பேனும் அவ்வாறு ஆக்காது’ என்பது மட்டுமே. ‘எந்தக் கலப்பும் கேடு செய்யாது’ என்பது அதிலிருந்து வராது. வகுப்பு கேட்டது என்னவோ இந்த இரண்டாவதைத்தான். நாமும் திருத்தாமல் விட்டோம். இன்னொன்றும் உண்டு. முரண் தோன்றியபோது அவரிடம் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன: கலப்பு பற்றியது ஒன்று, தொல்காப்பியம் பற்றியது ஒன்று. இரண்டில் ஏதோ ஒன்று விழ வேண்டும் என்று மட்டுமே முரண் சொல்லும். எது என்று சொல்லாது. அவர் தொல்காப்பியத்தைக் கைவிடமாட்டார் என்பதை நாம் பிணையாக வைத்து ஆடினோம்.

அன்று அவரிடம், அடுத்த வாரம் சொல்கிறோம் என்றோம். மறுபடியும் எச்சவியலை எடுத்தபோது, முன்பு நாம் வேகமாகக் கடந்துவிட்ட இடம் கண்ணில் பட்டது. வடசொல்லை ஏற்கும் தொல்காப்பியர் அது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்கிறார். சிதைந்து வந்தவையும் பொருந்துமாயின் விலக்கார். அதாவது ஏற்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அவ்வார முடிவில், அந்தப் பையனின் கட்டுரையையும் கொண்டுவரச் சொல்லி, இருவரும் அமர்ந்து வரிவரியாகப் பார்த்தோம். ‘பள்ளி’ அவன் அறிந்த சொல், பயன்படுத்தவில்லை; ‘தாமதம்’ அறியாத சொல். முதலாவதைத் திருத்தினார். இரண்டாவதற்குப் பக்கத்தில் புதுச்சொல்லை எழுதிக் கொடுத்தார். ‘பஸ்’ என்று ஒரு சொல் நான்காம் வரியில் இருந்தது. அதன்மேல் நாங்கள் இருவரும் அன்று உடன்படவில்லை.