புல்தரைக்கு மேலே நிழல் துணி: எத்தனை அடி உயரம்?

குழந்தைகள் விளையாடும் செயற்கைப் புல்தரைக்கு மேலே நிழல் துணி கட்டப் போகிறோம். 15 அடி உயரம் என்றால் பார்க்கக் கம்பீரமாக இருக்குமாம். எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. வங்கிப் புத்தி, போகவில்லை.

சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நாலு மணிக்கு 10 அடிக் கம்பத்தின் நிழல் சுமார் 15 அடி கிழக்கே நீளும். 15 அடிக் கம்பத்துக்கு 22 அடி. பிள்ளைகள் இறங்கி வரும் நேரத்தில் நிழல் கார் நிற்கும் இடத்தில் இருக்கும்! நிஜப் புல் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் புல்லுக்கு அது தெரியாது. வெயில் பட்டால் வெறுங்காலை வைக்க முடியாது.

ஒரேயடியாகத் தாழ்த்தினால் சூடு உள்ளேயே தங்கும், பையன்களும் எம்பித் தொங்குவார்கள். ஆகவே மேற்கில் 8 அடி, கிழக்கில் 12 அடி என்று சரிவாகக் கட்டலாம். மாலை வெயிலை மேற்கு ஓரம் தடுக்கும், சூடு உயர்ந்த பக்கமாக வெளியேறும், மழைநீரும் தேங்காது. மேற்குத் தூண்களைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே நடச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் துணியை உடனே அவிழ்க்கும்படி கொக்கிகள் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் அங்கே ஒரு மூங்கில் கழியை நட்டு, நாலு மணிக்கு வந்து பாருங்கள்.