ஊசி மருந்தும் துத்தநாகமும்

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன் தேங்காய் உடைபடும் ஓசை ஓய்வதில்லை. பேருந்துகளின் இரைச்சலும் ஓய்வதில்லை. இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும் நோயுடையவர் அச்சாலையைத் தனியே கடத்தல் இயலாது. கண்ணில் பழுதில்லை, இமைதான் திறப்பதில்லை. கழுத்து ஒருபுறம் திருகுவதும், எழுதும்போது மட்டும் விரல்கள் இறுகுவதும் இதே இனத்தவை. தசைகளுக்கு மூளை இடும் கட்டளை பிறழ்வதால் விளையும் இக்கோளாற்றை டிஸ்டோனியா என்பர்.

அந்நகரின் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற இந்நிறுவனத்தில் இயக்கக் கோளாறுகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

இந்நோய்க்குக் கைகொடுப்பது, கெட்டுப்போன உணவில் வளரும் நுண்ணுயிரின் நஞ்சே என்பது வியப்பு. பொட்டுலினம் எனப்படும் அந்நஞ்சை மாறுகண் சிகிச்சைக்குப் பயன்படுத்திய முடிவுகளை அமெரிக்க மருத்துவர் ஆலன் ஸ்காட் 1980இல் வெளியிட்டார். மிகச் சிறிய அளவில் தசையில் செலுத்தினால், நரம்பு தசைக்கு விடுக்கும் வேதிச் செய்தி தடைப்பட்டு இறுக்கம் தளர்கிறது. ஆயினும் ஏறக்குறைய மூன்று மாதத்தில் பயன் தேய்ந்துவிடும். மீண்டும் ஊசி, மீண்டும் செலவு. நாகர்கோவிலிலிருந்து துணைக்கு ஆளுடன் வரும் கூலித் தொழிலாளிக்கு இருவரின் கூலியும் இழப்பு. பயன் சில வாரம் நீண்டாலும் அவருக்கு அது பெரிது.

துத்தநாகத்தின்பால் கவனம் திரும்பியது இதனால்தான். நரம்பு முனையில் புரதத்தை வெட்டும் அந்நஞ்சின் பகுதிக்குத் துத்தநாக அணு இன்றியமையாதது. 1992இல் இது தெளிவாயிற்று. 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இமை இறுக்கமுடையோர் உள்ளிட்ட 77 பேர் பங்கேற்றனர். ஊசிக்கு முன் 50 மில்லிகிராம் துத்தநாகச் சிட்ரேட்டும் பைட்டேஸ் என்னும் நொதியும் உண்டபோது, 92 விழுக்காட்டினருக்குப் பயன் நீடித்த காலம் சராசரியாக ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள பைட்டேட் துத்தநாகத்தைப் பிணைத்துக்கொள்வதால், அதைச் சிதைக்கவே அந்நொதி. மாவைப் புளிக்கவைக்கும் நம் வழக்கமும் பைட்டேட்டைக் குறைக்கிறது. இட்லிக்கு இப்பெருமை உண்டு.

எனினும் 77 பேரைக் கொண்டு நாட்டுக்கே விதி வகுத்தல் தகாது. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை மாதக்கணக்கில் உண்போருக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த நாளளவு ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம். மிகையான துத்தநாகம் குடலில் செம்பு உட்கொள்ளப்படுவதைத் தடுக்கும். செம்பு குன்றினால் இரத்தசோகையும் தண்டுவடச் சிதைவும் நேர்ந்து நடை தள்ளாடும். இறுக்கத்துக்கு மருந்து தேடியவர் நடையை இழத்தல் கொடுமையன்றோ!

அதே தடைதான் வில்சன் நோயில் மருந்தாகிறது. உடலில் செம்பு தேங்கும் அப்பரம்பரை நோயும் டிஸ்டோனியாவாக வெளிப்படலாம். ஆகவே இளம் வயதினருக்குத் தசை இறுக்கம் தோன்றினால், ஊசிக்கு முன்பே செம்பின் நிலையை அறியும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளை மருத்துவர்கள் செய்விக்கின்றனர்.