மண்ணைக் கேட்டுப் பிறந்த கலப்பை



நவீன வேளாண்மை எங்கே பிறந்தது என்றால் எல்லோரும் இங்கிலாந்தைக் காட்டுகிறார்கள். அந்த இங்கிலாந்தின் நீராவிக் கலப்பை 1860களிலேயே நம் சென்னை சைதாப்பேட்டைப் பண்ணைக்கு வந்து இறங்கியது. உழவர் வயலில் அது வேர்பிடிக்கவில்லை. கொஞ்சம் நிலமும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்தவருக்கு அந்த ராட்சத இயந்திரம் எதற்கு?

அதே நூற்றாண்டில் இந்தப் புனேயில் ஒருவர் உழவர் பக்கம் நின்று யோசித்தார். மகாத்மா ஜோதிராவ் ஃபுலே! ஹடப்சரைத் தாண்டினால் வரும் மாஞ்சரியில் நிலம் வாங்கிப் பயிர் செய்தவர் அவர். 1883இல் எழுதி முடித்த 'ஷேத்கர்யாச்சா ஆசூட்' (உழவரின் சாட்டை) நூலில் அரசுக்கு என்ன சொன்னார் தெரியுமா? ஓய்வாக இருக்கும் சிப்பாய்களையும் போலீசாரையும் கொண்டு சிறு அணைகள் கட்டுங்கள், மழைநீர் வயலிலேயே ஊறட்டும் என்றார். ராணுவக் குடும்பங்கள் நிறைந்த புனேயின் வானவடியில் நின்று இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அடுத்து லட்சுமணராவ் கிர்லோஸ்கர். பெல்காமில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். முதலில் மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரம் செய்தார், பிறகு 1903 வாக்கில் இரும்புக் கலப்பை. இந்தப் பக்கத்துக் கரிசலை மரக்கலப்பையால் ஆழ உழ நாலைந்து ஜோடி மாடு பூட்ட வேண்டும். அப்போதும் மண் கீறும், புரளாது. இரும்புக் கலப்பை புரட்டிப் போட்டது. ஆனாலும் வாங்க ஆளில்லை. இரும்பு பட்டால் மண் நஞ்சாகும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஒரு போகம் பொய்த்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்கள் தயங்காமல் யார் தயங்குவது? கிர்லோஸ்கர் அவர்களை ஏசவில்லை. இரண்டு ஆண்டுகள் பொறுத்து, பேசிப் புரியவைத்து விற்றார். 1910இல் ஔந்த் சமஸ்தானம் அவர் தொழிலுக்குக் கொடுத்த தரிசு நிலத்தில் கள்ளியை அகற்றி எழுந்த ஊர்தான் கிர்லோஸ்கர்வாடி.

மேலிருந்து இறங்கிய இயந்திரம் நிற்கவில்லை. உழவரின் தயக்கத்துக்குப் பதில் சொன்ன கலப்பை நின்றது.

ஹடப்சரிலும் மகர்பட்டாவிலும் கணினியின் முன் அமர்ந்து விவசாயத்துக்குச் செயலி எழுதும் தம்பி, தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் வரி எழுதுமுன் ஒரு போகம் முழுக்க ஒரு விவசாயியோடு வயலில் நில்லுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.