ஒற்றும் சட்டமும்

அவைத் தலைவர் அவர்களே, விருதுநகர்ப் பெருமக்களே, சிவகாசியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் வேலை முடித்து வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

அரசாங்கத்தின் உளவு ஸ்தாபனங்களைப் பற்றிப் பேச டில்லிதான் தகுந்த இடம் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. 1933-இல், அன்னிய ஆட்சியின் போலீஸ் இந்த ஊரில் தொடுத்த வெடிகுண்டு வழக்கில் காமராஜர் குற்றஞ்சாட்டப்பட்டவராக நிறுத்தப்பட்டபோதே அந்தப் பிரச்சினை நம் வாசலுக்கு வந்துவிட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடி, அக்குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று நிரூபித்திராவிட்டால், பின்னாளில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியும் பகலுணவும் அளித்த அந்த வாழ்க்கை சிறைச்சாலையில் தேய்ந்திருக்கும். போலீஸ் சொன்னதை மறுத்துக் கேட்க ஒரு நியாயஸ்தலம் இருந்தது. அதுவே அவரைக் காத்தது. நியாயஸ்தலத்தின் படியேறாமல், இரகசியக் கோப்புக்குள்ளேயே பிறந்து அங்கேயே தீர்ப்பாகிவிடும் அறிக்கைகளிலிருந்து ஒரு பிரஜையைக் காப்பவர் யார்?

நாட்டுக்கு ஒற்று வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கும் கடமையையும் வேந்தனுக்கே விதித்தார். வேந்தனின் இடத்தில் இன்று அமர்ந்திருப்பவர்கள் ஜனங்கள். ஆதலின் அந்தக் கடமை அவர்களுடைய பிரதிநிதிகளைச் சேர்ந்தது. அக்கடமை தவறினால் நேர்வதைப் பாருங்கள்: பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்ன உளவறிக்கைகளை முன்னிறுத்தி 2003-இல் ஈராக்கின்மீது யுத்தம் தொடுக்கப்பட்டது. ஆயுதங்கள் அகப்படவில்லை, மாண்டவர்கள் மீளவில்லை.

பொய்யான அறிக்கை இப்படி அழிக்குமென்றால், கேட்பாரற்றுக் கிடந்த மெய்யான அறிக்கையும் அழிக்கும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் கூடியிருந்தோர் உட்பட 250-க்கு மேற்பட்டோர் இலங்கையில் குண்டுவெடிப்புகளில் கொல்லப்பட்டனர். நாட்கள் பல முன்னரே இந்தியா அனுப்பிய எச்சரிக்கை அதிகாரிகளின் கையில் இருந்தது. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாயும், உளவுத்துறையின் தலைவராக இருந்தவர் 7.5 கோடி ரூபாயும் நஷ்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எச்சரிக்கை வந்தபின் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி உயிர்கள் போவதற்கு முன்னரே கேட்கப்பட்டிருக்க வேண்டாமா?

நம் நாட்டின் நிலை என்ன? 1887-இல் தன் மூலத்தைக் காணும் உளவுப் பணியகமும், 1968-இல் அமைந்த வெளிநாட்டு உளவு ஸ்தாபனமான ‘ரா’வும் பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் பிறந்தவை அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய புகார்கள் நீங்கலாக, இவற்றுக்கு விலக்களிக்கிறது. இவற்றைச் சட்டத்தின் கீழ்க் கொணர 2011-இல் பாராளுமன்ற உறுப்பினர் மணீஷ் திவாரி கொணர்ந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. பிரிட்டனோ 1994-லேயே சட்டமும் இயற்றி, பாராளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட மேற்பார்வைக் குழுவும் அமைத்துக்கொண்டது.

பட்டாசு ஆலையின் மருந்து அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கு விதி உண்டென்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விதியை மீறினால் விலை என்ன என்பதை 2012-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் கற்றவர்கள் நீங்கள். இரகசிய அதிகாரமும் அத்தகைய மருந்தே: பயனுடையது, ஆனால் விதியும் மேற்பார்வையும் இன்றி வைத்திருக்கத் தகாதது.

ஆகவே, அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், சாலையையும் குடிநீரையும் கேட்பதோடு, இம்மூன்றையும் கேளுங்கள்: உளவு ஸ்தாபனங்களுக்கு ஒரு சட்டம், இரகசியம் காக்க உறுதி பூண்டு, எதிர்க்கட்சியினரும் இடம்பெறும் ஒரு பாராளுமன்றக் குழு, எச்சரிக்கை வந்தபின் யார் என்ன செய்தார் என்பதற்கு எழுத்திலே பொறுப்பு. இம்மூன்றுக்கும் ஒப்பாதவர் எக்கட்சியினராயினும், அவருக்கு உங்கள் வாக்கை அளிப்பதற்கு முன் காரணம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது அவர் கடமை.