விபசாரம் என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன், வடமாநில நகரொன்றில் என் அண்டை வீட்டில் வாழ்ந்த தமிழ்ப் பெண்மணி, கணவர்மீது மணமுறிவு மனுத் தாக்கல் செய்தார். மனு இந்தியில் இருந்தது. ஊரிலிருந்து வந்த அவர் தந்தையார் படிப்பதற்காக அதனைத் தமிழாக்கித் தந்தேன். 'வியபிசார்' என்றிருந்த இடத்தில் 'விபசாரம்' என்றெழுதினேன். பெரியவர் முகம் கறுத்தது. "என் மகளையா இப்படிச் சொல்கிறார்கள்?" என்றார்.

பிழை என்னுடையதே. வடமொழியில் அச்சொல்லுக்கு நெறியினின்று விலகுதல் என்று பொருள். இந்தியில் இன்றும் அது மணவாழ்வின் பிறழ்வையே சுட்டும். தமிழிலோ பெரும்பாலும் விலைமகளிர் தொழிலுக்கே பெயராகிவிட்டது.

வேறு சொல் யாது? 'கூடாவொழுக்கம்' என்னலாமெனின், வள்ளுவர் அத்தலைப்பில் கடிவது துறவியரின் போலி வேடத்தை. இப்பொருளுக்கு அவர் வகுத்த அதிகாரம் 'பிறனில் விழையாமை'. ஆடவனுக்குச் சொல்லப்பட்ட அறம் அது. தலைப்பிலேயே 'பிறன்' நிற்கிறான், தீங்கிழைக்கப்பட்டவன் அவனே.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 497-ஆம் பிரிவிலும் அந்தப் பிறனே நின்றான். மெக்காலேயின் 1837-ஆம் ஆண்டு வரைவில் இக்குற்றம் இல்லை, பின்னரே புகுந்தது. பிறன் மனைவியோடு கூடிய ஆடவனுக்கு 5 ஆண்டுவரை சிறை. அவள் கணவன் இசைந்திருந்தாலோ, குற்றமே இல்லை! அவளுக்குத் தண்டனை கிடையாது. சலுகை போலத் தோன்றுகிறதல்லவா? ஆனால் நெறி தவறியவனின் சொந்த மனைவி இப்பிரிவின்கீழ் முறையிட வழியில்லை. களவுபோன பொருளுக்கு உரியவன் முறையிடுவது போன்ற ஏற்பாடு இது.

1954-லும் 1985-லும் உச்சநீதிமன்றம் இப்பிரிவை நிலைநிறுத்தியது. 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஒய். வி. சந்திரசூட். 2018 செப்டம்பர் 27 அன்று அதனைச் செல்லாதென்ற ஐவர் அமர்வில் அவருடைய மகனும் ஒருவர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அக்குற்றம் இடம்பெறவில்லை.

குற்றம் நீங்கினும் மணமுறிவுக்கான காரணமாக அது நிற்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, தொடர்ந்து அவ்வாறு வாழ்ந்திருந்தால்தான் மணமுறிவு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மணத்திற்குப் பிந்திய ஒரு முறை தவறுதலே போதும். கணவன், மனைவி இருவருமே மனுச் செய்யலாம். இங்கே பிறன் மறைந்துவிட்டான்; வீட்டில் காத்திருந்தவரே குறையுடையவர்.

பெரியவரிடமிருந்து தாளை வாங்கி, முதலில் 'பிறர்மனை நயத்தல்' என்று திருத்தினேன். கணவர் நாடிய பெண் மணமாகாதவர் என்பது நினைவுக்கு வந்தது. அதையும் அடித்துவிட்டு, 'மனைவியிருக்க வேறொருத்தியோடு உறவு' என்றெழுதிக் கொடுத்தேன். அவர் இருமுறை படித்துவிட்டு, மகளை உள்ளிருந்து அழைத்தார்.