தண்ணீர்ப் பணம் ஊர் வந்து சேரும் வழி
(பொன்விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

பொன்விழாக் காணும் இந்நேரத்தில் கோயில் கட்டிய வரலாற்றைப் பலர் அழகாக எடுத்துரைத்தார்கள். நாம் எடுத்துக்கொண்டதோ குடிநீர். கோயில் கட்டிய நாளில் சுண்ணாம்புக்கும் மணலுக்கும் தண்ணீர் சுமந்தவர்கள் நம் தாய்மார்கள். ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் நம் பங்கின் கடைசித் தெருவில் குடம் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அரசாங்கம் பணம் ஒதுக்காமலா இருந்தது? ஒதுக்கியது. அப்படியானால் அந்தப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

நம் அரசியல் சட்டப்படி தண்ணீர் மாநில அரசின் பொறுப்பு. ஆயினும் மாநிலங்களுக்குக் கைகொடுக்க 1972-73 ஆம் ஆண்டில் மத்திய அரசு துரித கிராமக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னர், 1971 இல், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் அமைந்தது. அக்காலத்தில் எண்ணப்பட்டவை "பிரச்சினைக் கிராமங்கள்". 1.6 கிலோமீட்டருக்குள் நம்பத்தக்க நீர்நிலை இல்லாத ஊர், உப்பும் ஃபுளோரைடும் மிகுந்த ஊர் ஆகியவை அப்பட்டியலில் சேர்ந்தன. ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், 250 பேருக்கு ஓர் அடிபம்பு என்பது விதி. அந்த 40 லிட்டரையும் குடிக்க 3, சமைக்க 5, குளிக்க 15, பாத்திரமும் வீடும் கழுவ 7, கழிப்பிடத் தேவைக்கு 10 என்று பிரித்தே வைத்திருந்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணப்பட்டது கிராமம். பெரிய தெருவில் ஓர் அடிபம்பு இறங்கிவிட்டால் கிராமத்துக்கே தண்ணீர் கிடைத்ததாக ஏட்டில் ஏறிவிடும். ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பு அந்த ஏட்டில் தனியாகத் தெரியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடியிருப்புவாரியாகக் கணக்கெடுத்த பிறகுதான் விடுபட்ட சேரிகளும் குக்கிராமங்களும் பட்டியலில் தலைகாட்டின. 2019 இல் ஜல் ஜீவன் திட்டம் வந்தபோது எண்ணும் அலகு வீடாயிற்று. வீட்டுக்கொரு குழாய், ஆளுக்கு 55 லிட்டர் என்றார்கள். அரசு எதை எண்ணுகிறதோ அதற்கே பணம் போகிறது. நாம் இன்று மனத்தில் கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

அந்த 2019 ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு மதிப்பிட்ட தொகை ரூ. 3.60 லட்சம் கோடி. இதில் மத்திய அரசின் பங்கு ரூ. 2.08 லட்சம் கோடி. இமயமலை மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் மத்திய அரசு நூற்றுக்குத் தொண்ணூறு தரும். தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குப் பாதிக்குப் பாதி.

மாநிலங்களுக்கிடையே எப்படிப் பங்கிட்டார்கள்? நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிராம மக்கள்தொகைக்கு 30 ரூபாய். வறட்சி, பாலைவனம், மலைப்பகுதி ஆகியவற்றுக்கு 30. இன்னும் குழாய் கிடைக்காத வீடுகளுக்கு 20. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொகைக்கு 10. நச்சு இரசாயனம் கலந்த நீரைக் குடிக்கும் மக்களுக்கு 10. நியாயமான பங்கீடுதான். ஆனால் இந்த ஐந்து கணக்குகளில் ஒன்றேனும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று கேட்பதில்லை.

ஒதுக்கீடு வேறு, செலவு வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2024-25 பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு ரூ. 70,163 கோடி என்றார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது ரூ. 22,694 கோடியாகச் சுருங்கியது. பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்த தொகை அப்படியே ஊர் வந்து சேர்ந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

அடுத்தது பராமரிப்பு. குழாய் பதிக்கவும் தொட்டி கட்டவும் மத்திய அரசின் பங்கு உதவும். மோட்டாரின் மின்கட்டணத்துக்கோ ஊழியர் சம்பளத்துக்கோ அதைத் தொடக் கூடாது. அந்தச் சுமை ஊராட்சியின் தலையில் விழுகிறது. 2021 முதல் 2026 வரை பதினைந்தாவது நிதிக்குழு கிராம உள்ளாட்சிகளுக்கு ரூ. 2,36,805 கோடி பரிந்துரைத்தது. அதில் நூற்றுக்கு 30 பங்கு குடிநீருக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும் என்று கட்டி வைத்தது. அந்தப் பணத்தை ஊராட்சி எதற்குச் செலவிட்டது என்று கேட்கும் இடம் கிராம சபை.

நிற்க. நம் கதைக்கு வருவோம். நம் கடைசித் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். கணக்கில் அத்தெரு நிறைவு பெற்றது. முதல் மாதம் தண்ணீர் வந்தது. பிறகு மேட்டுக்கு ஏறவில்லை. அத்தெருத் தாய்மார்கள் கிராம சபைக்குப் போய்ச் சொன்னார்கள். "உங்கள் தெருவுக்குத்தான் இணைப்புக் கொடுத்தாயிற்றே" என்று ஏட்டைக் காட்டினார்கள். நாமும் அன்று அங்கே இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரணம் என்ன? நம் தெருவில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதிகாரியைக் குறை கூறுவது எளிது. ஆனால் அன்று தவறிய முதல் ஆள் நாம்தான் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

இனி என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, உலக நீர் நாளாகிய மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள். தண்ணீர் வராத வீடுகளை நாமே தெருத்தெருவாக எழுதி, எத்தனை நாளைக்கொரு முறை, எத்தனை குடம் என்ற விவரத்துடன் அங்கே தீர்மானமாகப் பதிவு செய்வோம். வாய்ச்சொல் காற்றோடு போகும். தீர்மானம் ஏட்டில் நிற்கும். கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. நம் தாய்மார்கள் அந்த இடத்தைக் கேட்டுப் பெறட்டும். ஊருக்குள் ஆகும் கட்டுமானச் செலவில் மக்கள் பங்கு நூற்றுக்குப் பத்து. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊரில் ஐந்து. அதைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். இயலாத வீட்டுக்கு இயன்ற வீடு தோள்கொடுக்கட்டும்.

அன்பர்களே! அடுத்த கிராம சபையில் கடைசித் தெருவின் குறையைச் சொல்ல முதலில் எழுந்து நிற்பவர் முதல் தெருக்காரராக இருக்கட்டும். பொன்விழாவின் நினைவாக இது ஒன்றைச் செய்தாலே போதும்.